கஞ்சி போட்ட காலுறை

என்னுடைய இடது கால் சத்தம் போட்டுக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. சத்தம் என்றால், நாலு பேர் நடுவில் யாருக்கும் வரக் கூடாத சத்தம். அடி வைத்தால் ‘புர்ர்’, எடுத்தால் ‘சளக்’. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து சிரிக்கத்தான் கொஞ்ச நாள் பிடித்தது.

முழங்காலுக்குக் கீழே ஒரு சாண், அவ்வளவுதான் என் இடது காலில் மிச்சம். இருபத்திரண்டு வயதில் ஒரு லாரியின் பின்சக்கரம் மற்றதை எடுத்துக்கொண்டது. அந்தக் கதையில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. இது அதற்குப் பிறகு நடந்தது.

மீதிக் காலுக்குப் பின்னல் உறை ஒன்றைப் போட்டு, அதைச் செயற்கைக் காலின் கிண்ணத்துக்குள் இறக்கி, தொடையில் வாரைக் கட்டிக்கொண்டால் நடக்கலாம். நன்றாகவே நடக்கலாம். ஆனால் அது காற்றுப் புகாத கிண்ணம். உடம்பில் மற்ற இடத்தில் வேர்த்தால் ஆறிவிடுகிறது. அங்கே வேர்த்தால் போக வழியில்லை. உறை ஊறிப்போகும். கிண்ணம் வழுக்கும். நடுவில் மாட்டிக்கொண்ட காற்று, விட்டால் போதும் என்று சத்தம் போட்டுக்கொண்டு ஓடும். ரொம்பவும் நனைந்துவிட்டால் கால் தன்பாட்டுக்குத் திரும்பிக்கொள்ளும். நான் வாசலைப் பார்க்க, அது ஜன்னலைப் பார்க்கும்.

அந்தக் காலோடுதான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அதற்கு முந்திய ஒரு வருஷம் என் காதில் விழுந்ததெல்லாம் ஒரே வார்த்தை. உட்காரு. “நீ உட்காரும்மா, நான் எடுத்துத் தர்றேன்” என்பாள் அம்மா. பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் எழுந்து இடம் கொடுப்பார்கள். கடைக்காரர் ஸ்டூலைத் தள்ளிவிடுவார். எல்லாம் அன்பால்தான். ஆனால் ஒருத்தியை நாள் முழுக்க அன்பாக உட்கார வைத்துப் பாருங்கள், ஒரு மாதத்தில் அவளுக்கு எழுந்திருப்பதே மறந்துபோகும்.

சலவைக்கூடத்தில் யாரும் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. உட்கார அங்கே நாற்காலியே கிடையாது. ஆஸ்பத்திரியின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். ஒரு பக்கம் துவைக்கும் டிரம்கள் புரண்டுகொண்டிருக்கும். நடுவில் ரோலர் மெஷின். கட்டில் அகலத்துக்கு ஒரு உருளை. அதன்மேல் தடிமனாகத் துணி சுற்றியிருக்கும், அதை ‘மெத்தை’ என்போம். உருளைக்கு அடியில் நீராவியில் கொதிக்கும் இரும்புத் தொட்டி. ஈரவிரிப்பை முன்னால் கொடுத்தால் பின்னால் இஸ்திரியாகி, சுடச்சுட வந்து விழும். அதைப் பிடித்து மடிப்பதற்கு இரண்டு பேர். அந்த இரண்டு பேரில் ஒருத்தி நான்.

இன்னொருத்தி விசிலக்கா. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். குள்ளம், கட்டையான விரல்கள், இரண்டு முன்பல்லுக்கு நடுவில் ஒரு சந்து. அந்தச் சந்து வழியாக அவள் விசில் அடித்தால் டிரம் சத்தத்தையும் மீறிக் கேட்கும். முதல் நாள் நான் வாசலில் தயங்கி நின்றபோது, மேலேயும் கீழேயும் பார்த்தாள். என் நடையைப் பார்த்தாள். எல்லோரும் சொல்கிறதைத்தான் இவளும் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

“நின்னுட்டு என்ன வேடிக்கை பாக்குறே நெட்டை? மூலையப் பிடி, சுடுது!”

அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

விரிப்பு மடிப்பது கிட்டத்தட்ட ஒரு ஆட்டம் மாதிரி. ஆளுக்கு இரண்டு மூலை. இழுத்து உதறினால் விரிப்பு நடுவில் விம்மும். நீளவாட்டில் ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நாலு எட்டு. என் கையில் இருப்பதை அவள் கையில் கொடுத்துவிட்டு, தொங்குகிற மடிப்பைக் குனிந்து எடுத்துக்கொண்டு இரண்டு எட்டுப் பின்னால். மறுபடி இரண்டு எட்டு முன்னால். அடுக்கில் வை. அடுத்தது. மதியத்துக்குள் முந்நூறு விரிப்பு. முந்நூறு தடவை ஒரு மனுஷி எனக்கு எதிரே நடந்து வருவாள், நானும் அவளுக்கு எதிரே நடந்து போவேன். அந்த நடைக்காகவே எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. வேறு எதற்காகவும் இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

முதல் நாள் இரண்டாவது மணி நேரத்தில் கால் பேச ஆரம்பித்தது. நாலு எட்டில் நாலு ‘புர்ர்’. நான் விரிப்பை மூக்கு வரைக்கும் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். ஈரத்துணி கொடுக்கிற பக்கம் நின்ற இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

விசிலக்கா எதுவும் கேட்கவில்லை. விசில் அடிக்க ஆரம்பித்தாள். நான் அடி வைக்கிற கணக்குக்குச் சரியாக, ஒவ்வொரு ‘புர்ர்’ மேலும் ஒரு ‘ஃபியூ’. பத்து விரிப்பு முடிவதற்குள் எது கால், எது விசில் என்று எனக்கே தெரியவில்லை.

அன்று கை கழுவும் இடத்தில்தான் கேட்டாள். “வேர்வையா?”

“ஆமாக்கா.”

“நான் வேற என்னவோன்னு நெனச்சேன். உனக்கு வயித்துக்கு ஆகலையோன்னு.”

இருவரும் குழாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கால் போன பிறகு நான் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

சிரித்தால் வேர்வை நின்றுவிடுமா? நான் என் புத்திக்கு எட்டினதைச் செய்தேன். முகத்துக்குப் போடும் பவுடரை உறைக்குள் கொட்டினேன், அரை டப்பா. காலையில் மணமாகத்தான் இருந்தது. பத்து மணிக்கு அது குழைந்து மாவாகி, கட்டி கட்டியாக உருண்டு, காலுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு நடப்பதுபோல் இருந்தது. இரண்டு உறை போட்டுப் பார்த்தேன், இரண்டும் நனைந்தன. ஒருநாள் கால் அரைச் சுற்றுச் சுற்றி, நான் விரிப்போடு விசிலக்காமேல் போய் விழுந்தேன். அவள் தாங்கிக்கொண்டாள். ஆனால் பார்க்கக் கூடாத ஆள் பார்த்துவிட்டார்.

எங்கள் சூப்பர்வைசருக்குப் பெயர் ஆவி. நீராவிக்கு நடுவிலிருந்து சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் நிற்பார், அதனால் அந்தப் பெயர். ஒல்லியான மனிதர். காதில் எப்போதும் ஒரு பென்சில். கெட்டவர் இல்லை. அவருக்குத் துணி சுத்தமாக இருக்க வேண்டும், தரையில் படக் கூடாது, அவ்வளவுதான் உலகம்.

“அந்த விரிப்பு தரையில பட்டுடுச்சு” என்றார்.

“ஒரு மூலைதான் சார்” என்றாள் விசிலக்கா.

“மூலை பட்டாலும் பட்டதுதான். திரும்ப டிரம்ல போடு.” பிறகு என்னிடம், குரலைக் கொஞ்சம் தணித்து, “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா தையல் ரூமுக்குப் போயிடும்மா. கிழிஞ்சதை ஒட்டுப் போடற வேலை. உனக்கும் நல்லது. உட்காந்தே பாக்கலாம்.”

உட்கார்ந்தே பார்க்கலாம். தையல் அறை கீழ்த்தளத்தில் இருந்தது. ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு ஆள். அங்கே போனவர்கள் திரும்பி மேலே வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அது மழைக்காலம். என்னிடம் இருந்தது இரண்டே உறை. துவைத்தது காய்வதற்குள் விடிந்துவிடும். ஈரத்தோடு மாட்டிக்கொண்டு வருவேன். ஈரத்தில் தொடங்கினால் அன்றைக்குப் பத்து மணி வரைக்கும்கூடக் கால் தாங்காது. இதை விசிலக்காவிடம் புலம்பினேன். அவள் யோசித்தபடி பல் சந்தில் நாக்கை வைத்துக்கொண்டிருந்தாள்.

“அந்த மாத்து உறையக் குடு இப்படி.”

“எதுக்கு?”

“குடேன். தின்னுடவா போறேன்?”

மறுநாள் காலை, வேலை தொடங்குவதற்கு முன்னால், துணி வண்டிக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டாள். சட்டைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். என் உறைதான், ஆனால் எனக்கே அடையாளம் தெரியவில்லை. வெளேர் என்று இருந்தது. அட்டை மாதிரி விறைப்பாக, கத்தி முனைபோல் நாலு மடிப்பு. தட்டினால் ‘டக் டக்’ என்றது.

“டாக்டருங்க கோட்டு ஊறுற கஞ்சித் தொட்டியில முக்கி எடுத்தேன். ரோலர்ல ரெண்டு ஓட்டு. இப்போ பாரு, எவ்வளவு வேர்த்தாலும் தொய்யாது. பெரிய டாக்டர் கோட்டுக்குக் கொடுக்குற மரியாதை உன் காலுக்கு!”

அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள். எங்களுக்குத் தெரிந்த மிக உயர்ந்த உபசாரம் அது. கஞ்சி போட்டு, விறைப்பாக, முனை பிசகாமல் மடித்துத் தருவது. அதைவிட ஒரு துணிக்கு வேறு என்ன செய்ய முடியும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அங்கேயே மாற்றிக்கொண்டேன். போடும்போதே கரகரத்தது. புதுத் துணி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் ராஜநடை. சத்தமே இல்லை. விசிலக்கா கண்ணைச் சிமிட்டினாள். அதற்குப் பிறகு வேர்வை வந்து கஞ்சியோடு சேர்ந்தது. முதலில் பிசுபிசுத்தது, பிறகு ஒட்டியது. ஒட்டின தோலை அந்த மடிப்பு முனைகள் அடிக்கு ஒரு தடவை அறுக்க ஆரம்பித்தன. கழற்றிப் பார்த்திருக்கலாம். ஆனால் கூடத்தில் பதினோரு பேர். அவர்கள் முன்னால் காலைக் கழற்றுவதா? அதோடு எதிரே விசிலக்கா அவ்வளவு சந்தோஷமாக நடந்து வருகிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு மடித்தேன்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், நாலு எட்டில் மூன்றாவது எட்டோடு நின்றுவிட்டேன். நாலாவது வரவில்லை. கையிலிருந்த விரிப்பு நழுவி முழுசாகத் தரையில் விழுந்தது. அது விழுந்த இடத்துக்குப் பக்கத்தில், நீராவிக்குள்ளிருந்து, இரண்டு கறுப்புச் செருப்புகள் வந்து நின்றன.

கால் செய்து கொடுக்கும் டெக்னீஷியனின் அறை அதே ஆஸ்பத்திரியின் இன்னொரு கட்டடத்தில். என்னைத் துணி வண்டியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் கிண்ணத்தைக் கழற்றினார். உறை அதோடு வரவில்லை. தோலோடு ஒட்டியிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி ஊற்றி, அரை மணி நேரம் உரித்தார். மேல்தோல் இரண்டு இடத்தில் வழண்டு போயிருந்தது.

விரலில் பட்டதைத் தேய்த்துப் பார்த்தார். “என்னம்மா இது, பசை? போஸ்டர் ஒட்டினியா?”

“வீட்ல தெரியாம கஞ்சி போட்டுட்டேன்.”

“கஞ்சியா!” அவர் நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். “முப்பது வருஷமா கால் செய்யறேன். பவுடர் போட்டவங்களைப் பாத்திருக்கேன். எண்ணெய் தடவினவங்களைப் பாத்திருக்கேன். கஞ்சி இப்பத்தான்.”

பிறகு பொறுமையாகச் சொன்னார். புண் ஆறும்வரை பத்து நாள் கால் மாட்டவே கூடாது. பவுடர் கூடாது, கஞ்சி கூடவே கூடாது. உறையை மென்மையான சோப்பில் துவைத்து, சோப்பு துளியும் தங்காமல் அலச வேண்டும். தங்கினால் அதுவும் வேர்வையில் கரைந்து அரிக்கும். வேர்வையைக் குறைக்க ஒரு மருந்து எழுதித் தந்தார். புண் முழுசாக ஆறின பிறகு, படுக்கும்போது, கழுவித் துடைத்த காலில் தடவி, காலையில் கழுவிவிட வேண்டும். “காலைல தடவிட்டு உடனே கிண்ணத்துக்குள்ள விட்டே, எரிச்சல்ல குதிப்பே. குதிக்க உனக்கு ஒரு கால்தான் இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ.” எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது. “இதெல்லாத்தையும்விட முக்கியம் ஒண்ணு. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை கழட்டணும். துடைச்சு, காத்தாட விட்டு, காஞ்ச உறை மாத்தணும். பத்து நிமிஷம் போதும். கழட்ட வெக்கப்பட்டா, கால்தான் கஷ்டப்படும்.”

எல்லாம் சரி. ஆனால் ரோலர் மெஷின் யாருக்காகவும் பத்து நிமிஷம் நிற்காது.

வீட்டில் பத்து நாள் உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்கு என்னைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, உள்ளூர நிம்மதியாகவும் இருந்தது. மூன்றாம் நாள் விசிலக்கா வந்தாள். படியேறும்போது விசில் கேட்கவில்லை.

“எப்படிடி ஆச்சு?”

“வார் அறுத்துடுச்சுக்கா. புது வார்.”

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். அங்கே அந்த உறை காய்ந்துகொண்டிருந்தது. அம்மா மூன்று தடவை துவைத்தும், அந்த நாலு மடிப்பின் கோடு போகவில்லை. விசிலக்கா எழுந்து போய் அதைத் தொட்டுப் பார்த்தாள். ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை. அம்மா கொடுத்த காப்பியைப் பாதி குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் ஏன் பொய் சொன்னேன் என்றால், கூடத்துச் சுவரில் கொட்டை எழுத்தில் ஒரு பலகை உண்டு. சொந்தத் துணியை ஆஸ்பத்திரித் தொட்டியில் போட்டால் அன்றே வேலை போகும். அதற்கு முந்திய வருஷம் ஒரு கர்ச்சீப்புக்காக ஒருத்தர் போயிருந்தார். விசிலக்காவுக்கு வீட்டில் படுத்த படுக்கையாகக் கணவன், பள்ளிக்கூடம் போகிற மகன். அவளிடம் உண்மையைச் சொன்னால் தானே போய் ஒப்புக்கொண்டுவிடுவாள். நான் வாயைத் திறந்தால் அவள் வெளியே. திறக்காவிட்டால், வேர்வையால் இவளுக்குப் புண்ணாகிறது, இவளால் நிற்க முடியாது என்றாகிவிடும். நான் கீழ்த்தளத்துக்குப் போக வேண்டும். பத்து நாளும் இதையேதான் திருப்பித் திருப்பி யோசித்தேன்.

பதினோராம் நாள் போனபோது, மடிப்பு வரிசைப் பட்டியலில் என் பெயருக்குக் குறுக்கே பென்சில் கோடு.

ஆவி மேசைக்குப் பின்னால் நின்றிருந்தார். “புண் எப்படிம்மா வந்துச்சு?”

“வேர்வைதான் சார்.”

“அப்போ நான் சொன்னது சரிதானே? இந்தச் சூட்டுல உனக்கு வேர்க்காம இருக்குமா? கீழ போ. ஊசிப் பெட்டி அங்கேயே இருக்கு.”

“சரி சார்” என்றேன். திரும்பி நடந்தேன். கால் அன்றைக்கு நன்றாக இருந்தது, சத்தமே போடவில்லை. அதனால்தான் எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

“வேர்வை இல்ல சார்!”

மெஷினுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது குரல். விசிலக்கா கையிலிருந்த விரிப்பை அப்படியே அடுக்கின்மேல் போட்டுவிட்டு வந்தாள்.

“கஞ்சி. நான்தான் போட்டேன். அவ உறைய எடுத்துக் கஞ்சித் தொட்டியில முக்கினேன்.”

“அக்கா, சும்மா இருங்க” என்றேன்.

“நீ சும்மா இருடி! பத்து நாளா சும்மா இருந்தது போதும்.”

ஆவி காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.

“எந்தத் தொட்டியில?”

“டாக்டர் கோட்டுத் தொட்டி.”

“கெட்டிக் கஞ்சியா?”

“ஆமா சார்.”

“உறை என்ன துணி?”

“கம்பளி நூல். கொஞ்சம் பருத்தி கலந்தது.”

ஆவியின் முகம் சிவந்தது. பலகையைக் காட்டப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தோம். “கம்பளிக்கு யாராவது கஞ்சி போடுவாங்களா?” என்று கத்தினார். “பதினாலு வருஷமா இங்க இருக்கே! கம்பளிப் பின்னலுக்குக் கெட்டிக் கஞ்சி! அதை ரோலர்ல வேற விட்டியா?”

“ரெண்டு ஓட்டு.”

“ரெண்டு ஓட்டு!” அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “பின்னல்னா மூச்சு விடணும். நீ அதை அடைச்சுட்டே. அது எப்படி ஈரத்தை இழுக்கும்? தகரத்தைச் சுத்திக்கிட்டு நடந்த மாதிரிதான்.”

“எனக்குத் தெரியல சார். நான் விரிப்பு மடிக்கிறவ. என்னை அனுப்பிடுங்க. ஆனா இவளக் கீழ அனுப்பாதீங்க. இவளுக்கு வேர்க்கிறது உண்மைதான். வேர்த்தா என்ன இப்போ? உங்க ரோலருக்கு வேர்க்கலையா?”

“ரோலருக்கா?”

“மெத்தை ஈரமாயிட்டா என்ன பண்றீங்க? விரிப்பு கொடுக்கறத நிறுத்திட்டு, சூட்டுல வெறும் ஓட்டம் ஓட விடறீங்க. பத்து நிமிஷம். மெத்தை காஞ்சதும் திரும்பத் துணி கொடுக்கறோம். ரோலரைத் தூக்கிக் கீழ் ரூம்ல போட்டீங்களா? இவளுக்கும் அதே பத்து நிமிஷம்தான் வேணும். ரோலர் காயும்போது இவளும் காயட்டும். அந்த நேரத்துல அடுக்கத் தூக்கி அலமாரியில வெக்கணும், அவ்வளவுதானே? இவ பங்கையும் நான் தூக்கறேன்.”

பத்து நிமிஷம் என்று டெக்னீஷியன் சொன்னதை நான் அவளிடம் சொன்னதேயில்லை. பிறகுதான் தெரிந்தது, அவளே அவரிடம் போய்க் கேட்டிருக்கிறாள்.

ஆவி மெஷின் பக்கம் போனார். உருளையை நிறுத்தச் சொல்லி, மெத்தைமேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். வைத்தபடியே நின்றார். அவர் ஒரு விஷயத்தை யோசிப்பது அப்படித்தான், துணியைத் தொட்டுக்கொண்டு.

“வெறும் ஓட்டம் நான் நெனச்சப்போ விடறேன்” என்றார் கடைசியில். “அதனாலதான் கடைசி அம்பது விரிப்பு ஈரமா வருது. திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கு.” பென்சிலால் பட்டியலின் ஓரத்தில் ஏதோ எழுதினார். “ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை. மணி பாத்து.” என் பெயர்மேல் இருந்த கோட்டை ரப்பரால் அழித்தார். அழித்த இடம் கொஞ்சம் கறுப்பாகத்தான் இருந்தது.

“அப்போ நான்?” என்றாள் விசிலக்கா.

“உன்னை அனுப்பிட்டா, கம்பளிய எப்படித் துவைக்கணும்னு நீ எப்போ கத்துக்கறது? இனிமே தினமும் அந்த உறைய நீதான் துவைக்கணும். தொட்டியில இல்ல, வாஷ்பேசின்ல, கையால. நாலு அலசு. நான் மோந்து பாப்பேன். சோப்பு வாசனை வந்தா அன்னைக்கு உனக்குச் சீட்டு கிழிஞ்சுது.”

அதுதான் அவளுக்குத் தண்டனை.

அன்று பத்தரை மணிக்கு மெஷின் வெறும் ஓட்டம் ஓடியது. ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு, காற்று வரும் ஜன்னலுக்கு நேராக உட்கார்ந்தேன். கை வாரில்தான் இருந்தது, அவிழ்க்க வரவில்லை. பதினோரு பேரும் சொல்லிவைத்தாற்போல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூரையில் பார்க்க என்ன இருக்கிறது, தகரம். விசிலக்கா அடுக்கைத் தூக்கிக்கொண்டு போகிற வழியில் விசிலை ஆரம்பித்தாள். நான் வாரை அவிழ்த்தேன். கால் ‘சளக்’ என்று கழன்று வந்தது. மீதிக் காலில் காற்றுப் பட்டது. அந்தக் குளிர்ச்சியை எப்படிச் சொல்ல? வெயிலில் அலைந்துவிட்டு வந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்வோமே, அப்படி.

கழற்றின காலை மெஷின் பக்கத்தில் நிறுத்தி வைத்தேன். துணி கொடுக்கிற பெண்களில் ஒருத்தி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இந்தக் கூடத்துலயே இதுதான் ஒழுங்கா நிக்குது. சாயல, பேசல.” கூடம் முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு யாரும் கூரையைப் பார்க்கவில்லை.

பத்தொன்பது வருஷம் அப்படிப் போயிற்று. மருந்து கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்தது. வேர்வை பாதியாகக் குறைந்தது, அடியோடு நிற்கவில்லை. மெஷின் வெறும் ஓட்டம் ஓடினால் எல்லோரும் கூடையைக் கவிழ்த்து உட்கார ஆரம்பித்தார்கள். யார் மகளுக்குக் குழந்தை பிறந்தது, யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, எல்லாப் பேச்சும் அந்தப் பத்து நிமிஷத்தில்தான். மேலே குழாயில் என் உறைகள் மூன்று, வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். வாசல் பக்கம் யார் வந்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். ஆவி தினமும் மறக்காமல் மோந்து பார்ப்பார். ஓய்வு பெற்ற அன்றும், எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வாசல் வரை போனவர், திரும்பி வந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் போனார். அவர் போன பிறகு மோந்து பார்க்க ஆள் இல்லை. விசிலக்கா துவைப்பதை நிறுத்தவில்லை.

இப்போது என் கால் வேறு கால். உள்ளே சிலிக்கான் உறை, வழவழவென்று இருக்கும். சத்தம் போடாது. வேர்வை அதிலும் உண்டு. கழற்றினால் ஓரத்தில் சொட்டும். வேர்வையை அடக்க ஊசிகூட இருக்கிறதாம், டாக்டர் சொன்னார். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. மாற்று உறை ஒன்று எப்போதும் பையில் இருக்கும். அது போதும்.

போன மாதம் விசிலக்காவைப் பார்க்கப் போனேன். மகன் வீட்டில் இருக்கிறாள், மூன்றாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. படியேறி முடித்தபோது உறைக்குள் குளம். கதவைத் திறந்தவள் என்னை மேலேயும் கீழேயும் பார்த்தாள், அந்த முதல் நாள் பார்த்த மாதிரியே.

“ஏறி வந்தியா? மூணு மாடியா?”

“ஆமாக்கா.”

“அப்போ கழட்டு.”

கழற்றினேன். அவள் கையை நீட்டினாள். “குடு இப்படி.”

“இது சிலிக்கான்கா. சும்மா துடைச்சாப் போதும்.”

“எனக்குச் சொல்லித் தர வந்துட்டா! குடுடி.”

வாங்கிக்கொண்டு, மெதுவாக, சுவரைப் பிடித்தபடி வாஷ்பேசினுக்குப் போனாள். கட்டையான அந்த விரல்கள் இப்போது இன்னும் கட்டையாக, முட்டு முட்டாக இருக்கின்றன. குழாயைத் திறந்தாள். ஒரு அலசு. இரண்டு. பழைய வழக்கத்தில் விசில் அடிக்கப் பார்த்தாள். முன்பல் இரண்டும் இப்போது இல்லை; வெறும் காற்றுத்தான் வந்தது.

“போச்சுடி” என்றாள் திரும்பி. “உன் கால்லயும் சத்தம் போச்சு, என் வாய்லயும் சத்தம் போச்சு.”

“நம்ம ரெண்டு பேருக்கும் இப்பத்தான் நாகரிகம் வந்திருக்கு.”

மூன்று. நாலு. உறையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். திருப்தி. கவிழ்த்து வைத்த ஒரு பாட்டில்மேல் அதை மாட்டி, ஜன்னலோரம் வைத்தாள். பிறகு எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் நாலு எட்டுகூட இல்லை.

“காய நேரமாகுமா?” என்றாள்.

“கொஞ்சம் ஆகும்கா” என்றேன். பைக்குள் மாற்று உறை இருந்தது. நான் அதை வெளியே எடுக்கவில்லை.